ஏழில் நின்ற சைக்கிள்

…முழங்காலைத்தான் குறை சொல்ல வேண்டும், வேறு யாரைச் சொல்ல, ஐம்பத்து நாலு வயது முழங்கால், ஐந்து மாதமாகச் சேகரனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தே சுகம் கண்டுவிட்டது, இப்போது திடீரென்று மிதி என்றால் எப்படி மிதிக்கும், என்று குடியிருப்புத் தாமான் முனை திரும்பும்போதே உஷாராணி நினைத்துக்கொண்டாள். விடிந்தும் விடியாத ஏழு மணி, புக்கிட் காத்தில் வட்டார வீடுகளில் வாசல் விளக்கு இன்னும் அணையவில்லை. கூட வேலை செய்கிற சேகரன் ஆறு மணிக்கே போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தான், "அக்கா, மோட்டார் ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்குது லா, ஒர்க்ஷாப் தெறக்க பத்து மணி ஆவும், இன்னிக்கு மட்டும் எப்படியாவது வந்துருங்க." எப்படியாவது என்றால் எப்படி, அந்தப் பக்கம் பஸ் கிடையாது, செடி நர்சரி நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரம், நடந்தால் ஒன்றரை மணி நேரம், இன்றைக்குப் பார்த்து ஆர்க்கிட் செடிகள் கோலாலம்பூருக்கு லோரி ஏறுகிற நாள், போகாமலும் இருக்க முடியாது. அது அவளுக்கென்று கிடைத்த வேலைகூட இல்லை, அவள் புருசன் இருளாண்டி பார்த்த வேலை, அவர் செத்துப்போன பத்தாம் நாள் நர்சரி முதலாளி சீனத் தவுக்கே வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே, உனக்கு இஷ்டமிருந்தால் நீ வா என்று சொன்ன வேலை… அதனால்தான் பின்கட்டில் போட்டிருந்த தார்ப்பாயை விலக்கினாள், டயரில் காற்றடித்தாள், சீட்டைத் துணியால் துடைத்தாள், துடைக்கும்போது கை கொஞ்சம் நின்றது, நேரமாகிறதே என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் சைக்கிள். அவர் போன பிறகு இதில் யாரும் உட்காரவில்லை.

ஆனால் இவ்வளவு கனமா, சமதரையில் இப்படியா இழுக்கும், பிரேக்கு பிடித்துக்கொண்டிருக்கிறதோ… தொழுகை நடக்கிற சூராவுக்கு முன்னால் இறங்கிப் பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பார்த்தாள், தடையில்லாமல் சுற்றியது. செயினிலும் துரு இல்லை. மறுபடி ஏறி மிதித்தால் பெடல் அடியில் யாரோ கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு வரை வலி வந்து போகிறது. இருளாண்டியின் பழைய சைக்கிள் இப்படி இல்லையே. கறுப்பு சைக்கிள், ரெம்பியா பக்கம் ரப்பர் தோட்டத்தில் இரண்டு பேரும் பால் வெட்டிய காலத்தில் வாங்கியது, ஒரே கியர், ஒரே பிரேக்கு, மணிகூடக் கிடையாது, எதிரில் ஆள் வந்தால் அவரே "ஓய்" என்பார். அதில் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை, எவ்வளவு மிதிக்கிறாயோ அவ்வளவு ஓடும், மேடு வந்தால் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்கலாம், முடியவில்லையா, இறங்கித் தள்ளு, அவ்வளவுதான் அதன் சட்டம். இருபத்தாறு வருசம் ஓட்டினார், தோட்டத்தை விட்டு இங்கே தாமானுக்கு வந்த பிறகும், நர்சரி வேலைக்குப் போன பிறகும் அதேதான். அந்த சைக்கிளுக்கு அவர் கால் தெரியும், அவர் காலுக்கு அந்த சைக்கிள் தெரியும்… அப்படிச் சொன்னால் மனுசனுக்குச் சிரிப்பு வரும், "அப்ப உனக்கு என்ன தெரியும்னு கேளேன்" என்பார்.

என்ன தெரியும் அவளுக்கு. நர்சரிக்குப் போகிற வழியில் தண்ணித் தொட்டி மேட்டில் அவர் மூச்சு வாங்குவது தெரியும், அதுவும் யாரோ பார்த்துவிட்டுச் சொல்லித்தான். போனில் மகள் தேவிஸ்ரீயிடம் அதைச் சொன்னதும் இவள்தான். சிங்கப்பூரில் வேலை செய்கிற பிள்ளை, அடுத்த மாதமே லீவில் வந்து, மலாக்கா டவுனுக்குப் போய், நீலக் கலரில் புது சைக்கிள் வாங்கி, கடையிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டாள். "ஏழு கியர் பா! மேட்டுல சும்மா ஈஸியா ஏறும், ஹார்ட்டுக்கு நல்லது லா." இவர் சுற்றி வந்து பார்த்தார், சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறையைத் தட்டிப் பார்த்தார், "எனக்கு பொண்டாட்டி ஒண்ணு, பொண்ணு ஒண்ணு, கியரு மட்டும் எதுக்கும்மா ஏழு?" என்றார். தேவிஸ்ரீ விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கைப்பிடியைத் திருகித் திருகிக் காட்டினாள், ஒன்று மேட்டுக்கு, ஏழு சமதரைக்கு, நடுவில் உள்ளதெல்லாம் நடுவில் உள்ளதற்கு. இவர் தலையாட்டினார். தோட்டத்துக் கிராணி சொன்னாலும் தலையாட்டுவார், டாக்டர் சொன்னாலும் தலையாட்டுவார், அந்தத் தலையாட்டலில் எது புரிந்தது எது புரியவில்லை என்று முப்பது வருசமாக அவளுக்கே பிடிபட்டதில்லை, பிள்ளைக்கு எங்கே பிடிபடும்… அவர் பழைய சைக்கிளிலேயே போவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்த வாரம், பழைய பேப்பர் பழைய இரும்பு என்று மலாயில் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு வருகிற லோரியை நிறுத்தி, கறுப்பு சைக்கிளைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவரைக் கேட்கவில்லை. சாயங்காலம் வந்தவர் அது சாய்ந்திருந்த சுவரைப் பார்த்தார், சுவரில் கைப்பிடி உரசி உரசி ஒரு கறுப்புத் தடம் இருந்தது, அதைப் பார்த்தார். குளிக்கப் போய்விட்டார். ஏதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா, கத்தியிருக்கலாம், ஏன்டி கொடுத்தே என்று ஒரு வார்த்தை…

பெட்ரோல் போடுகிற எண்ணெய்க் கடை தாண்டிச் சிவப்பு விளக்கில் நிற்கும்போது கால் இரண்டும் நடுங்கின. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, கியர் என்று ஒன்று இருக்கிறதே, திருகலாமே. வலது கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. துரு பிடித்திருக்கும் என்று இன்னும் அழுத்தித் திருகினாள், உள்ளங்கையில் ஏதோ கரகரவென்று நெருடியது. குனிந்து பார்த்தாள். கறுத்துப்போய், எண்ணெயும் வியர்வையும் ஏறி, பார்த்தால் ரப்பர் என்றே தோன்றும்… கயிறு. மஞ்சள் கயிறு. கைப்பிடியையும் திருகுகிற வளையத்தையும் சேர்த்துச் சுற்றிக் கட்டிய கயிறு. அவள் கட்டியது. ஆயுத பூசைக்கு அவள் கட்டியது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது, விளக்கு பச்சையாகி எவ்வளவு நேரமோ, சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் புல்லில் நின்றாள்.

எல்லா வருசமும்தான் கட்டுவாள். கத்தரிக்கோல், தையல் மிஷின், அரிவாள்மணை, இவர் சைக்கிள், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு சுற்றுக் கயிறு. போன வருசத்துக்கு முந்தின வருசம் பழைய சைக்கிளில் கட்டினதை மூன்றாம் நாளே அவிழ்த்து எறிந்துவிட்டார், "கையெல்லாம் மஞ்சளாவுது உஷா, சேகரன் பார்த்துட்டு, மாப்ள எப்ப கல்யாணம்னு கேக்குறான்." அந்த வாரமே ரவுண்டபோட்டில் ஒரு கார் உரசி, முழங்காலில் ஆறு தையல். அதோடு அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போன வருசம் புது சைக்கிள் வந்த மறுநாளே ஆயுத பூசை, அடுப்பில் கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது, தேவிஸ்ரீ கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இவள்தான் கட்டினாள், கழன்று விழக்கூடாது என்று ஒன்பது சுற்று, மூன்று முடிச்சு, வளையத்தில் எண் தெரிகிற கண்ணாடித் துளியின் மேல் பெரிய பொட்டாகக் குங்குமம். "இந்த வாட்டி அவுத்தீங்கன்னா பாருங்க, தானா அந்து விழணும், அதுவரைக்கும் கை வைக்கக்கூடாது, நம்ம சாமி மேல சத்தியம் பண்ணுங்க." அவர் தலையாட்டினார்.

உஷாராணி நகத்தால் சுரண்டினாள். காய்ந்த குங்குமம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, அடியில் எண் தெரிந்தது. ஏழு. தேவிஸ்ரீ டவுனிலிருந்து ஓட்டி வந்த கடைசித் தெரு சமதரை, ஏழில் வைத்து வந்திருக்கிறாள், பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு மறுபடி தாமானை ஒரு சுற்றுச் சுற்றி அதே ஏழில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள், மறுநாள் காலை அந்த ஏழின் மேல் இவள் கயிற்றைச் சுற்றிவிட்டாள்… அப்படியானால் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. நாலு கட்டை போக, நாலு கட்டை வர. ஏழு கியர் சைக்கிள் என்று ஊரெல்லாம் பெருமை பேசினாளே, அது அவருக்கு ஒரே கியர் சைக்கிளாகத்தான் இருந்திருக்கிறது, அதுவும் இருப்பதிலேயே கனமான கியர், பழைய கறுப்பு சைக்கிள்கூட இதைவிட லேசு, இதைவிட எவ்வளவோ லேசு, அதையும் அவள்தான் லோரியில் ஏற்றினாள். அவர் காலுக்குத் தெரிந்திருக்குமே. முதல் நாளே தெரிந்திருக்குமே.

இனிமேல் மிதிக்க மனம் வரவில்லை, ஆனாலும் போக வேண்டும், லோரி எட்டரைக்கு வந்துவிடும், மிதித்தாள். ஒவ்வொரு மிதியிலும் ஒரு சாயங்காலம் வந்தது. புது சைக்கிளில் போக ஆரம்பித்த பிறகு அவர் வீட்டுக்கு வருவது அரை மணி தாமதமானது, முக்கால் மணி ஆனது. வந்ததும் சாப்பாடு வேண்டாம், சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டுவார், தைலம் தேய்த்துக்கொள்வார். இவள் அடுப்படியிலிருந்து பேசுவாள், வாய் சும்மா இருக்குமா, "பழைய ஓட்ட சைக்கிள்ல வந்தப்ப ஆறு மணிக்கு வந்துருவீங்க, கியர் வண்டி வந்ததும் தொரைக்கு ஊர் சுத்த ஆசை வந்துருச்சோ?" அவர், "கியர் வண்டின்னா அப்படித்தான், ஸ்டைலா மெதுவாத்தான் ஓட்டணும்" என்பார். ஒரு நாள் முகமெல்லாம் சிவந்து, கண் கலங்கி, வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டு, வாசல்படியில் கால் தடுமாறினார். அவர் குடியை விட்டு எட்டு வருசம். மகள் ஐந்தாம் பாரம் படிக்கும்போது அவள் தலைமேல் கைவைத்து விட்டவர். அந்த எட்டு வருசமும் ஒரு நிமிசத்தில் எங்கே போனதோ, இவள் போய் அவர் முன்னால் நின்றாள். "வாய ஊதுங்க." அவர் பார்த்தார். "உஷா…" "ஊதுங்கன்னேன்." ஊதினார். சின்னப் பிள்ளை டாக்டருக்கு நாக்கு நீட்டுகிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். மூச்சில் ஒன்றும் இல்லை, காலையில் போட்ட வெற்றிலை வாசம்கூட இல்லை, வெறும் சூடு. ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் அவள் சரி என்று சொல்லவில்லை. சொல்லாமலே அடுப்படிக்குப் போனாள். அதை நினைத்தால்தான்… வேண்டாம், ரோட்டைப் பார். லோரி வருகிறது, ஓரமாகப் போ.

தண்ணித் தொட்டி மேடு வந்தது. சேகரனுக்குப் பின்னால் உட்கார்ந்து போகும்போது இது மேடென்றே தெரியாது, மோட்டார் கொஞ்சம் உறுமும், அவ்வளவுதான். பத்து மிதி மிதித்தாள், பதினோராவது மிதியில் சைக்கிள் நின்றேவிட்டது, கால் ஊன்றாவிட்டால் விழுந்திருப்பாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த இடத்தில்தான் அவருக்கும் நின்றிருக்குமா. இருதயத்தில் மூன்று அடைப்பு, இன்று நேற்று வந்ததில்லை, பல வருசமாகச் சேர்ந்தது என்றுதான் டாக்டர் சொன்னார், சிகரெட்டு, இனிப்பு நீர், வயசு, விரல் விட்டுச் சொன்னார், அந்த விரல்களில் சைக்கிள் இல்லை. நர்சரிக் குழாயடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, கையில் பிடித்திருந்த ரப்பர் பைப்பிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது என்று சேகரன் சொன்னான். மணி எட்டேகால், வேலைக்கு வந்து பதினைந்து நிமிசம். மேடு ஏறி வந்து பதினைந்து நிமிசம்… டாக்டருக்கு இந்த மேடு தெரியுமா. தெரிந்திருந்தால் இன்னொரு விரலை விட்டிருப்பாரா.

தள்ளினாள். பாதி மேட்டில் நீலத் தார்ப்பாய் கட்டி, ஒரு மலாய்க்காரப் பெண் நாசி லெமாக் சோறு விற்கிற இடம், தினமும் மோட்டாரில் தாண்டிப் போகிற இடம்தான், ஒரு நாளும் நின்றதில்லை. அந்தப் பெண் வாழையிலையைக் கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள், சைக்கிளைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். "ஏய், இனி அங்கள் பூஞா!" இது அந்த அங்கிளுடைய சைக்கிள் ஆச்சே, எங்கே அவர், ரொம்ப நாளாகக் காணோமே, வேலை மாறிவிட்டாரா, என்று மலாயில் கேட்டுக்கொண்டே போனாள், முகமெல்லாம் சிரிப்பு. உஷாராணி சைக்கிளை நிறுத்தினாள். ஐந்து மாதத்தில் எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை, மலாயில் சொல்வது இதுதான் முதல் தடவை. "சூடா தாக் அடா, காக்," இப்போது இல்லை அக்கா, என்றாள். மூன்று வார்த்தை, எவ்வளவு சின்னதாக இருக்கிறது. அந்தப் பெண் கத்தியை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டாள், வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள், பக்கத்திலேயே நின்றாள்.

இதே ஸ்டூல்தான், என்றாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் நான் கடையைக் கட்டுகிற நேரம் ஒரு தடவை, தள்ளிக்கொண்டு வந்து இங்கே உட்காருவார், போகும்போது இந்த மேடு, வரும்போது அந்தப் பக்கத்து மேடு, இரண்டும் அவருக்கு ஆகாது, வெந்நீர்தான் கேட்பார், கால் மணி, அரை மணி உட்காருவார், நல்ல மனுசர், ஏதாவது வேடிக்கை பேசுவார். நான்கூடக் கேட்டேன், அங்கள், இதில்தான் கியர் இருக்கிறதே, என் மகன் சைக்கிளிலும் இதே கியர்தான், திருகினால் லேசாகிவிடும் என்று. அதற்கு இந்தக் கைப்பிடியைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "'பினி சாயா ஈகாட். தாக் போலே புக்கா.'"

என் பெண்டாட்டி கட்டியது. அவிழ்க்கக் கூடாது.

அப்படியானால் தெரியும். புரியாமல் இல்லை, மறந்துபோய் இல்லை, ஒன்று மேட்டுக்கு, ஏழு சமதரைக்கு, மகள் சொன்னது எல்லாம் அந்தத் தலையாட்டலுக்குள்ளே பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. சத்தியத்துக்குப் பயந்தாரா, சாமிக்கா, அவளுக்கா. எனக்கா பயந்தீங்க, என்னங்க, நான் என்ன அவ்வளவு பொல்லாதவளா… ஒரு வார்த்தை, உஷா, இது இறுகிக்கிடக்குது, கொஞ்சம் அவுத்துத் தாயேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்து அவிழ்த்திருக்க மாட்டாளா. அவிழ்த்திருப்பாளா? அன்றைக்கிருந்த அவள்? "முழங்கால்ல ஆறு தையல் பத்தாதா?" என்றுதானே கேட்டிருப்பாள். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும், முப்பது வருசம், அவள் என்ன சொல்வாள் என்று அவள் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும்.

நேரமாகிறது, இங்கிருந்து தள்ளிக்கொண்டே போக முடியாது. கத்தியைக் கொஞ்சம் தருகிறீர்களா என்று கேட்டாள். அந்தப் பெண் இலை ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். மனசுக்குள் சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கிற நிலையில் இல்லை, கைப்பிடியை வெளிச்சத்துக்குத் திருப்பி, கயிற்றுக்கடியில் கத்தி முனை நுழைய இடம் தேடினாள். மேல்பக்கம் அவள் போட்ட முடிச்சு, மூன்றும் இறுகிக் கல்லாகிக் கிடந்தன. அடிப்பக்கம் பார்த்தாள், சைக்கிளைச் சாய்த்துக் குனிந்தால் மட்டும் தெரிகிற இடம்… அங்கே மஞ்சள் கயிறு இல்லை. அற்றிருந்தது. உள்ளங்கை பட்டுப் பட்டு நைந்து, பிரி பிரியாக, என்றைக்கோ தானாக அற்றிருந்தது. அற்ற இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து, நடுவில் பச்சையாக ஒரு துண்டு நார் கொடுத்துக் கட்டியிருந்தது. நர்சரி நார். செடித் தண்டு சாயாமல் இருக்கக் குச்சியோடு சேர்த்துக் கட்டுவது, இந்த ஐந்து மாதத்தில் அவளே ஒரு நாளைக்கு நூறு முடிச்சு போடுகிறாள், எப்படிப் போடுவது என்று சேகரன் காட்டிக்கொடுத்தான், இது இருளாண்டிண்ணன் முடிச்சு அக்கா, இழுக்க இழுக்க இறுகும், என்றான்.

தானாக அற்று விழ வேண்டும் என்றுதானே சொன்னாள். விழுந்துவிட்டதே. சத்தியம் அங்கேயே முடிந்துவிட்டதே, திருகியிருக்கலாமே, ஒன்றில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே ஏறியிருக்கலாமே இந்த மேட்டை. எடுத்துக் கட்டியிருக்கிறாரே. இந்த ஸ்டூலில் உட்கார்ந்தா, குழாயடியில் வைத்தா, சட்டைப் பையிலிருந்து நாரை எடுத்து, பல்லால் கடித்து, அவள் கட்டின மாதிரியே ஒன்பது சுற்றையும் ஒழுங்கு பண்ணி… அந்தப் பெண் ஏதோ கேட்டாள், வெட்ட வரவில்லையா என்று கேட்டிருப்பாள், உஷாராணி கத்தியை அவளிடம் திருப்பி நீட்டினாள், எதற்கு நீட்டுகிறோம் என்று தெரியாமலே நீட்டினாள். கட்டைவிரல் அந்தப் பச்சை முடிச்சின் மேலேயே இருந்தது. ஒரு மோட்டார் உறுமிக்கொண்டு மேடேறிப் போனது. இது என்றைக்கு அற்றது, என்றைக்குக் கட்டினார், அதை மட்டும் யாராவது சொல்லிவிட்டால் போதும் போல இருந்தது, வாயை ஊதுங்க என்று அவள் சொன்ன அந்த நாளைக்கு முன்னாலா, பின்னாலா… முன்னால் என்றால் அது ஒரு மாதிரி. பின்னால் என்றால், அதற்குப் பிறகும் உட்கார்ந்து அவர் இதைக் கட்டினார் என்றால்…